மடையில் வடியும் வோல்ட்: ரிமோட் காரின் மோட்டார் டிரைவரை மாற்றலாமா?

திருப்பரங்குன்றத்தில் வைகாசி விசாகம் முடிந்த மறுவாரம், பக்கத்து வீட்டுப் பையன் திருவிழாக் கடையில் வாங்கிய ரிமோட் காரைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தான். "மாமா, தரையில ஓடுது. வாசல்ல பைக் ஏத்துற சரிவுல ஏற மாட்டேங்குது. லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றான். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய கார். இரண்டு பென்சில் செல், இரண்டு மோட்டார், ஒரு சின்ன போர்டு. அவ்வளவுதான் அதன் உடம்பு.

இப்படி ஒரு காரைப் பிரித்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது: மோட்டாரை ஓட்டும் டிரைவர் சுற்றை மாற்றினால் கார் வேகமாக, வலுவாக ஓடுமா? ஓடும் என்று சிலரும், வீண் வேலை என்று சிலரும் சொல்வார்கள். ஒரே காரை எதிரே வைத்துக்கொண்டு இரு தரப்பும் பேசுவதில்லை. அதனால்தான் இரண்டுமே உண்மையாகத் தோன்றுகின்றன. எந்தக் காருக்கு எந்த மாற்றம் பொருந்தும், எதற்குப் பொருந்தாது, எது ஆபத்து என்று வரிசையாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பழைய ஆசை, பழைய சுற்று

கம்பியில்லாமல் தொலைவிலிருந்து ஒரு வண்டியை ஓட்டும் ஆசைக்கு நூறாண்டுக்கு மேல் வயது. நிகோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரு சிறு படகை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். 1922-இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 'சூப்பர் ரீஜெனரேட்டிவ்' என்ற ரிசீவர் முறையைத் தந்தார். மிகக் குறைந்த உதிரிகளைக் கொண்டு மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் முறை அது. 27 மெகாஹெர்ட்சில் ஓடும் மலிவான பொம்மைக் கார்களில் ஒற்றை டிரான்சிஸ்டரும், நடுவில் திருகக்கூடிய கரு வைத்த ஒரு சிறு காயிலுமாக இன்றும் இருப்பது அந்த ரிசீவர்தான்.

டிரைவர் சுற்றை மாற்றும் பழக்கம் பரவலானது மிகச் சிறிய கார்கள் வந்த பிறகு. ஜப்பானின் கியோஷோ நிறுவனம் 1999-இல் மினி-இசட் கார்களையும், டோமி நிறுவனம் 2001-இல் 'பிட் சார்-ஜி' கார்களையும் கொண்டுவந்தன. அமெரிக்காவில் ரேடியோ ஷாக் 2002-இல் 'ஜிப்ஜாப்ஸ்', அடுத்த ஆண்டு 'எக்ஸ்மாட்ஸ்' என்று விற்றது. இந்தக் கார்களை வைத்திருந்தவர்கள் போர்டில் இருந்த ஃபெட் சிப்களை மாற்றினார்கள். அவற்றின் மேலேயே இன்னும் சில சிப்களை அடுக்கிச் சால்டர் வைத்தார்கள். இந்த வேலைக்கு 'ஃபெட் அடுக்கு' என்றே பெயர் வந்தது. மாற்றம் மிகச் சிறிய கார்களில் தொடங்கியது தற்செயல் இல்லை. அதற்கான காரணம் கணக்கிலேயே இருக்கிறது, கீழே வருகிறேன்.

போர்டில் என்ன இருக்கிறது

பையனின் காரைத் திறந்தேன். ஒரு முனையில் ரிசீவர். நடுவில் பதினாறு கால் ஐ.சி. ஒன்று; மேலே ஆர்எக்ஸ்-2 என்று அச்சிட்டிருந்தது. இதற்கு ஜோடியாக ரிமோட்டில் இருப்பது டிஎக்ஸ்-2. இரண்டும் பேசிக்கொள்ளும் விதம் எளிமையானது, அழகானது. ரிமோட் முதலில் நான்கு நீண்ட துடிப்புகளை அனுப்பும். 'கவனி' என்பது அதன் பொருள். பிறகு குறுகிய துடிப்புகள். பத்து வந்தால் முன்னே, நாற்பது வந்தால் பின்னே, 58 வந்தால் இடது, 64 வந்தால் வலது. ஐ.சி. எண்ணிப் பார்த்து அதற்குரிய காலில் வோல்ட்டை ஏற்றுகிறது.

அந்தக் காலால் நேரடியாக மோட்டாரைச் சுழற்ற முடியாது. அது தருவது சில மில்லி ஆம்பியர். மோட்டார் கேட்பது அதைப்போல நூறு மடங்கு. பொம்மைகளில் பரவலாக உள்ள 130 அளவு மோட்டார் 1.5 வோல்ட்டில் சக்கரம் பிடிபட்டு நின்றுவிட்டால் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். இடையில் நின்று இந்தக் கரண்டைத் திறந்து மூடுவதுதான் டிரைவரின் வேலை. முன்னும் பின்னும் ஓட வேண்டும் என்பதால் நான்கு சுவிட்சுகள் தேவை. ஆங்கில எச் எழுத்தின் இரண்டு செங்கோடுகளிலும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக அவை நிற்கும், நடுக்கோட்டில் மோட்டார். இடது மேலும் வலது கீழும் திறந்தால் முன்னே; வலது மேலும் இடது கீழும் திறந்தால் பின்னே. இதுதான் எச்-பிரிட்ஜ். பொம்மைகளில் இந்த நான்கு சுவிட்சுகளும் பெரும்பாலும் எஸ்8050, எஸ்8550 வகை டிரான்சிஸ்டர்கள்.

இங்குதான் இழப்பு. டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்திருக்கும்போதும் தனக்கென்று கொஞ்சம் வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். எஸ்எஸ்8050-இன் தரவுத் தாளில், 800 மில்லி ஆம்பியரில் இது அரை வோல்ட் வரை போகலாம் என்று இருக்கிறது. அதுவும் டிரான்சிஸ்டரைத் திறக்கும் காலான பேஸுக்கு 80 மில்லி ஆம்பியர் கொடுத்தால்தான். பொம்மையில் அவ்வளவு பேஸ் கரண்ட் கிடைப்பதில்லை; ஆகவே இழப்பு கூடவே இருக்கும். மோட்டாருக்கு வரும் கரண்ட் எப்போதும் இரண்டு டிரான்சிஸ்டர்களைக் கடந்து வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒரு வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும் என்று வையுங்கள். ஐந்து செல் போட்ட 7.5 வோல்ட் காரில் அது ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, அவ்வளவாகத் தெரியாது. இரண்டு செல் போட்ட 3 வோல்ட் காரில் அது மூன்றில் ஒரு பங்கு. கார் சிறுக்கச் சிறுக்க டிரைவரின் இழப்பு பெருக்கும். மிகச் சிறிய கார்களில் மாற்றம் தொடங்கியது இதனால்தான்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைத் தென்கால் கண்மாயை வைத்துச் சொல்லலாம். செல் என்பது கண்மாய். டிரைவர் என்பது மடை. மோட்டார் என்பது கடைமடை வயல். கண்மாயில் தண்ணீர் இருந்தும் கடைமடை காய்ந்தால் மடையைப் பார்க்க வேண்டும். கண்மாயே வற்றிக் கிடந்தால் மடையை எவ்வளவு அகலப்படுத்தியும் பயனில்லை. எது என்று தெரியாமல் மண்வெட்டியைத் தூக்கக் கூடாது.

முதலில் அளவு

மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தேன். சக்கரத்தைத் துணியால் லேசாக அழுத்தி, தரையில் ஓடும்போது இருக்கும் சுமையைக் கொடுத்தேன். பையன் ரிமோட்டை அழுத்திப் பிடித்தான். செல் முனைகளில் ஓடாதபோது 3.1 வோல்ட், ஓடும்போது 2.3. மோட்டாரின் முனைகளில் 1.4. கண்மாயிலேயே 0.8 வோல்ட் குறைந்திருக்கிறது, மடையில் 0.9 வடிந்திருக்கிறது. 3.1 வோல்ட்டுக்குச் செல் வாங்கியவன் கையில் பாதிக்கும் குறைவாகவே வந்து சேர்ந்திருக்கிறது.

செல்லில் ஏன் அவ்வளவு இறக்கம்? கடையில் காரோடு போட்டுக் கொடுத்தது சாதாரணத் துத்தநாகக் கார்பன் செல். அதன் உள்தடை ஒன்றுக்கு அரை ஓம் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். சுவர்க் கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் அது நல்ல செல், மோட்டாருக்கு ஏற்றதல்ல. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லின் பெயரளவு வோல்ட் 1.2 மட்டுமே என்றாலும் உள்தடை மிகக் குறைவு. என்னிடம் இருந்த அப்படிப்பட்ட இரண்டைப் போட்டேன். ஓடாதபோது 2.6, ஓடும்போது 2.5, மோட்டாரில் 1.6. ஏட்டில் குறைந்த வோல்ட் உள்ள செல், மோட்டாரில் கூடுதல் வோல்ட் தந்தது. சரிவில் ஏறும்போது விளக்கு அணைவதும் நின்றது. மோட்டார் திணறிப் பெரிய கரண்டை இழுத்த அந்தக் கணத்தில் பழைய செல்லின் வோல்ட் சரிந்து, ரிசீவரின் ஐ.சி. மயங்கி விழுந்து எழுந்துகொண்டிருந்தது. அதைத்தான் பையன் 'அணைஞ்சு அணைஞ்சு எரியுது' என்று சரியாகப் பார்த்திருக்கிறான்.

ஆக, மாற்றத்தின் முதல் வழி சுற்றைத் தொடாமலே இருக்கிறது: செல்லை மாற்றுவது, துருப்பிடித்த ஸ்பிரிங்கைத் தேய்த்துச் சுத்தம் செய்வது, தலைமுடி போன்ற வயரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் தடித்த வயர் போடுவது. மாற்றம் வீண் என்பவர்களின் வாதத்தில் உள்ள நியாயம் இதுவே. ஆனால் மடையில் வடியும் 0.9 வோல்ட் இன்னும் அப்படியே இருக்கிறது.

மடையை மாற்றும் வழிகள்

அடுத்த வழியாகப் பலரும் செய்வது, இருக்கும் டிரான்சிஸ்டரின் மேலே அதே போன்ற இன்னொன்றை இணையாகச் சேர்ப்பது. செய்வது எளிது, ஆனால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இவ்வகை டிரான்சிஸ்டர் சூடாகும்போது இன்னும் எளிதாகக் கரண்டைக் கடத்தும். இணையாக இருக்கும் இரண்டில் ஒன்று சற்றுச் சூடானால் அது அதிகக் கரண்டை இழுக்கும். அதனால் மேலும் சூடாகும். சுமை பங்கிடப்படுவதற்குப் பதில் ஒருவர் தலையிலேயே விழும். மேலே ஃபெட் என்று சொன்ன மாஸ்ஃபெட் வேறு வகை டிரான்சிஸ்டர், இதற்கு நேர்மாறு: சூடானால் அதன் தடை கூடும், கரண்ட் பக்கத்தில் இருப்பதற்கு நகரும். மினி-இசட் கார்களில் ஃபெட்களை அடுக்க முடிந்தது இந்தக் குணத்தால்தான். அடுக்கும் உத்தியை டிரான்சிஸ்டருக்குக் கடன் வாங்கக் கூடாது.

அப்படியானால் டிரான்சிஸ்டர்களை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாஸ்ஃபெட் வைத்தால் என்ன? ஏஓ3400, ஏஓ3401 போன்ற எறும்பளவு மாஸ்ஃபெட்கள், கேட் என்ற திறக்கும் காலில் 2.5 வோல்ட் கொடுத்தால், முறையே 0.05, 0.085 ஓம் அளவு தடைதான் காட்டும். இரண்டும் சேர்த்து 1 ஆம்பியரில் இழப்பு 0.14 வோல்ட்டைத் தாண்டாது. கணக்கு ஆசை காட்டுகிறது. ஆனால் பொம்மைச் சுற்றின் அமைப்பு இதற்கு இடம் தராது. இங்கேதான் பலர் போர்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

பல பொம்மைகளில் எச்-பிரிட்ஜ் ஆறு டிரான்சிஸ்டர் கொண்டது. நான்கு பெரியவை, இரண்டு சின்னவை தூண்டுபவை. தூண்டும் டிரான்சிஸ்டரின் கலெக்டர் ஒரு பக்க மேல் டிரான்சிஸ்டரின் பேஸிலிருந்து கரண்டை இழுக்கும். அதே கரண்ட் எமிட்டர் வழியாக மறுபக்கக் கீழ் டிரான்சிஸ்டரின் பேஸுக்குள் போகும். ஒரே கரண்டால் மேலும் கீழும் திறக்கின்றன. சிக்கனத்தின் உச்சம் இந்த அமைப்பு. வடிவமைத்தவரை வணங்கத் தோன்றுகிறது. ஆனால் இது கரண்டைக் கேட்கும் உதிரிக்கான அமைப்பு. மாஸ்ஃபெட்டின் கேட் கேட்பது கரண்டை அல்ல, வோல்ட்டை. கீழ் மாஸ்ஃபெட் திறக்க அதன் கேட் மேலே ஏற வேண்டும். மேல் மாஸ்ஃபெட் திறக்க அதன் கேட் கீழே இறங்க வேண்டும். தூண்டும் டிரான்சிஸ்டர் இரண்டையும் ஒரே புள்ளியை நோக்கி இழுக்கிறது. இரண்டும் அரைகுறையாகத் திறந்து சூடாகும். கேட்டில் ஏறிய மின்னூட்டம் வடிய வழியும் இல்லாததால், பொத்தானை விட்ட பிறகும் மாஸ்ஃபெட் உடனே மூடாது. அந்த நிலையில் பின்னே போகும் பொத்தானை அழுத்தினால் ஒரே பக்கத்தின் மேலும் கீழும் சேர்ந்து திறந்து, செல்லின் இரு முனைகளும் நேராக முட்டிக்கொள்ளும். காலுக்குக் கால் மாற்றுவது கூடாது. மாஸ்ஃபெட் வேண்டுமென்றால் தூண்டும் பகுதியையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

புதிதாகக் கட்டுவதற்குப் பதில், மாஸ்ஃபெட் பாலத்தை உள்ளடக்கிய டிரைவர் ஐ.சி. ஒன்றை வைப்பது அடுத்த வழி. எனக்குச் சரியென்று படுவதும் இதுவே. ஆனால் எந்த ஐ.சி. என்பதில் கவனம் வேண்டும். பொறியியல் மாணவர்களின் ரோபோக்களில் அதிகம் காண்பது எல்298 போர்டு. அதன் உள்ளே இருப்பது பழைய வகை டிரான்சிஸ்டர்களே. 1 ஆம்பியரில் அது எடுத்துக்கொள்ளும் வோல்ட் குறைந்தது 1.8. எல்293டி அதைவிட மோசம். அதன் வழக்கமான கரண்டான 600 மில்லி ஆம்பியரிலேயே ஏறக்குறைய 2.6 வோல்ட் போய்விடும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரிக்கு இவை பரவாயில்லை. மூன்று வோல்ட் காருக்கு இவற்றைப் போட்டால் வண்டி நகரவே நகராது.

மாஸ்ஃபெட் வகையில் டிபி6612, டிஆர்வி8833 இரண்டும் நல்ல பெயர் பெற்றவை. டிஆர்வி8833-இல் இரண்டு பாலங்கள். ஒரு பாலத்தின் மேல், கீழ் தடை சேர்த்து 0.36 ஓம். ஆனால் அது வேலை செய்ய குறைந்தது 2.7 வோல்ட் வேண்டும். 3.7 வோல்ட் லித்தியம் செல் வைத்த காருக்கு அது பொருத்தம், ஓடும்போது 2.5-க்கு இறங்கிவிடும் இந்தக் காருக்கு அது உதவாது. டிபி6612-இல் கட்டளையை வாங்கும் தர்க்கப் பகுதியும் 2.7 வோல்ட் கேட்கும். டிஆர்வி8833-இன் குடும்பத்தைச் சேர்ந்த டிஆர்வி8837-இன் தர்க்கப் பகுதிக்கு 1.8 வோல்ட் போதும், தடை 0.28 ஓம், 1.8 ஆம்பியர் வரை தாங்கும். மிஞ்சினால் தானே நிறுத்திக்கொள்ளும். இரண்டு செல் காருக்கு ஏற்ற மடை இதுதான். இரண்டு மில்லிமீட்டர் சதுரம்தான் இதன் அளவு. கையால் சால்டர் வைப்பது கடினம் என்பதால் சிறு போர்டில் ஏற்றி விற்பதை வாங்க வேண்டும்.

செய்தது இவ்வளவே. ஓட்டும் மோட்டாரின் நான்கு பெரிய டிரான்சிஸ்டர்களையும் இரண்டு சின்னவற்றையும் கழற்றினேன். ஆர்எக்ஸ்-2-இன் முன் காலான 11-ஐயும் பின் காலான 10-ஐயும் புதிய போர்டின் இரண்டு உள்ளீடுகளுக்கு இழுத்தேன். ரிசீவருக்கும் தர்க்கப் பகுதிக்கும் போகும் வழியில் ஒரு ஷாட்கி டையோடும், அதன் பின்னால் 470 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் வைத்தேன். மோட்டார் செல்லைச் சரித்தாலும் இந்தக் கெப்பாசிட்டர் ரிசீவரைப் பத்தில் ஒரு விநாடி அளவுக்குத் தாங்கிப் பிடிக்கும். பிரஷ்ஷின் தீப்பொறி இரைச்சல் ரிசீவரைக் குழப்பாதிருக்க, மோட்டாரின் முனைகளுக்கிடையே 104 என்று குறித்த கெப்பாசிட்டர் ஏற்கெனவே இருந்தது. அதை அப்படியே விட்டேன். மீண்டும் அளந்தேன்: செல்லில் 2.45, மோட்டாரில் 2.2. முதல் நாள் 1.4. கூடிய 0.8 வோல்ட்டில் 0.2 செல்லால் வந்தது, 0.6 டிரைவரால் வந்தது. கார் சரிவில் ஏறியது.

கடைசியாக இன்னொரு வழியும் உண்டு: ரிசீவரையே எடுத்துவிட்டு ஒரு மைக்ரோ கன்ட்ரோலரை வைப்பது. அப்போது பிடபிள்யூஎம் முறையில், விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கலாம். அது பொம்மையைச் சீராக்குவது அல்ல, புதிய வண்டி செய்வது. கற்க விரும்புவோருக்கு நல்ல அடுத்த படி. இந்தக் கேள்விக்கு அது விடை அல்ல.

தொடக் கூடாதவை

ஸ்டீயரிங் மோட்டாரின் டிரைவரை மாற்றாதீர்கள். அது திரும்பி முட்டிய பிறகு, பொத்தானை அழுத்தியிருக்கும் வரை அசையாமல் நின்றபடியே கரண்டை இழுக்கும். அங்கே மெலிந்த டிரான்சிஸ்டரின் இழப்பே காவல். மடையை அகலமாக்கினால் சில நிமிடங்களில் காயில் கருகும். ஓட்டும் மோட்டாரிலும் இதே பாடம் உண்டு: கூடுதல் வலு முதலில் உடைப்பது பிளாஸ்டிக் பல்சக்கரத்தை. மீளும் ஃபியூஸ் ஒன்றைச் செல்லோடு தொடராக வைப்பது நல்லது.

பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து 18650 செல்லை எடுத்துப் பொம்மையில் வைப்பதைப் பலர் செய்கிறார்கள். பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பிள்ளைகள் கையில் போகும் பொருளில் அதை வைக்கவே கூடாது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின் பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644 என்ற தரநிலை பொருந்தும். நாம் மாற்றிய பிறகு அந்த முத்திரை நம் வேலைக்குச் சாட்சி சொல்லாது. மாற்றிய காரைச் சின்னக் குழந்தையிடம் தராமல், பெரியவர் பக்கத்தில் இருக்க ஓட்ட வேண்டும். ரிமோட்டின் டிரான்ஸ்மிட்டர் பகுதியை வலுப்படுத்தும் வேலையும் வேண்டாம். 27 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பலர் பகிர்ந்துகொள்ளும் அலைவரிசை, குறைந்த திறனில் மட்டுமே அதற்கு அனுமதி.

ஏன் இது முக்கியம்

புதுக் கார் வாங்கிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வாங்கலாம். ஆனால் அந்தப் பையன் அன்று மூன்று எண்களைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டான்: 1.4, 1.6, 2.2. எங்கே எவ்வளவு தொலைந்தது, எதனால் திரும்பக் கிடைத்தது என்று அவனால் இப்போது சொல்ல முடியும். புதுக் கார் அதைக் கற்றுத் தராது.

இந்த எச்-பிரிட்ஜ் பொம்மையோடு முடிவதும் இல்லை. அதில் பாதியை அரைப் பாலம் என்பார்கள். மூன்று அரைப் பாலங்களைச் சேர்த்தால் இன்று வீடுகளில் மாட்டும் பிஎல்டிசி மின்விசிறியின் டிரைவர். அதையே பெரிதாக்கினால் ஓசூரில் தயாராகும் மின் ஸ்கூட்டரின் டிரைவர். அங்கும் அதே ஆறு சுவிட்சுகள், அதே இழப்புக் கணக்கு. திருப்பரங்குன்றத்தில் கருமுத்து தியாகராசர் 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் நாடெங்கும் பள்ளிகளுக்குள் வந்திருக்கின்றன. இந்த இடங்களில் கிட்டைப் பிரித்து, படத்தில் உள்ளபடி வயரை மாட்டி, ஓடியதும் கைதட்டுவதோடு நிற்காமல், மல்டிமீட்டரை ஒவ்வொரு புள்ளியிலும் வைத்து அளக்கச் சொல்லித்தர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். எல்298 ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்கும் மாணவர், பிறகு எந்தச் சுற்றையும் கேள்வி கேட்பார்.

ஆகவே, டிரைவர் சுற்றை மாற்றலாமா என்றால் என் விடை இது. நான்கு செல்லுக்கு மேல் உள்ள காரில் பெரும்பாலும் தேவையில்லை; செல்லையும் வயரையும் பாருங்கள். இரண்டு செல் காரிலும் ஒற்றை லித்தியம் செல் காரிலும் மாற்றலாம். செல்லின் வோல்ட் ஓடும்போது எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதற்குக் கீழும் வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஐ.சி.யைத் தேர்ந்தெடுங்கள். எதுவானாலும் மல்டிமீட்டர் முதலில், சால்டரிங் அயர்ன் பிறகு. மறுநாள் பையன் இன்னொரு நண்பனையும் அவனுடைய காரையும் கூட்டி வந்தான். ஸ்குரூ டிரைவரை நான் எடுப்பதற்கு முன்பே, "மொதல்ல செல்லை அளப்போம் மாமா" என்றான்.